நிலமும் பொழுதும்: மிதிவெடி காணும் வெப்பப்படக் கலை

தோற்றுவாய்

குற்றாலத்தில் சாரல் இல்லாத சித்திரைத் திங்களில், அருவி நூலாய் மெலிந்து வீழும் நாளில், மாலைப் பொழுதில் பாறைமீது சென்று அமர்ந்தோர் ஓர் உண்மையைத் தம் உடலாலேயே உணர்ந்திருப்பர். கதிரவன் மேற்கு மலைக்குப் பின்னே மறைந்து நெடுநேரம் ஆன பின்னும் பாறை கதகதப்பாகவே இருக்கும். அதனை அடுத்துக் கிடக்கும் உலர்ந்த மணலோ அதற்குள் குளிர்ந்துவிட்டிருக்கும். பகலெல்லாம் இரண்டின்மேலும் விழுந்தது ஒரே வெயில். வீசியது ஒரே காற்று. ஆயினும் ஒன்று வெப்பத்தைச் சேமித்து வைத்து மெல்ல விடுகின்றது. மற்றொன்று விரைவில் பெற்று விரைவில் இழக்கின்றது. பொருளுக்குப் பொருள் வேறுபடும் இந்த எளிய இயல்பே, மண்ணுள் மறைந்து கிடக்கும் மரணத்தைக் காட்டித்தரும் ஓர் அறிவியல் முறைக்கு அடிப்படையாகும். அதனை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கண்ணிவெடி பற்றிய கட்டுரைக்கு இடம் ஏது என்று சிலர் வினவலாம். விடை மூன்று. முதலாவது, பாக் நீரிணைக்கு அப்பால் தமிழ் பேசும் மக்கள் வாழும் மண்ணிலேயே இவ்வெடிகள் புதைந்து கிடந்தன. இன்னும் சில இடங்களில் கிடக்கின்றன. தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து மூத்தோர்க்கு இலங்கை அயல்நாடன்று. வணிகத்தாலும் உறவாலும் அந்நாட்டோடு பிணைந்த குடும்பங்கள் இங்குப் பல. இரண்டாவது, புதிய அறிவியலைத் தமிழில் சொல்லிப் பழகினாலன்றித் தமிழ் வளராது என்பது எம் துணிபு. மூன்றாவது காரணம் அறம் சார்ந்தது. நடைபாதையில் கிடந்து பிறர்க்கு இடர் செய்யும் பொருளை அகற்றுதலையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவதே அத்தகு நற்செயலாயின், காலைப் பறிக்கும் வெடியை அகற்றுவதன் சிறப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

சொல்லும் பொருளும்

நாம் பொதுவாகக் 'கண்ணிவெடி' என்கின்றோம். இலங்கைத் தமிழர் ஆட்களைத் தாக்கும் சிறுவெடியை 'மிதிவெடி' என்று வழங்குவர். மிதித்தால் வெடிப்பது என்னும் பொருளை உள்ளடக்கிய இச்சொல் துன்பத்தில் பிறந்த நல்ல தமிழ்ச் சொல்லாகும். கண்ணி என்பது விலங்கையும் பறவையையும் அகப்படுத்த வேடன் வைப்பது. மிதிவெடியோ வைத்தவன் போன பின்னும், போர் முடிந்த பின்னும், பகைவர் இன்னார் நண்பர் இன்னார் என்று அறியாமல், மிதித்தவர் எவரையும் தாக்குவது. சிப்பாயின் காலுக்கும் விறகு பொறுக்கும் சிறுமியின் காலுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது.

உலகம் இக்கொடுமையை உணர்ந்து எழுந்த ஆண்டு 1997. அவ்வாண்டு செப்டம்பரில் ஆஸ்லோ நகரில் ஏற்கப்பட்ட மிதிவெடித் தடை உடன்படிக்கை டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. 1999 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கென உழைத்த உலகளாவிய இயக்கத்திற்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸ் அம்மையார்க்கும் 1997ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. 150க்கும் மேற்பட்ட நாடுகள் உடன்படிக்கையில் இணைந்தன. இந்தியா இணையவில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து பஞ்சாப், இராசத்தான் எல்லை வயல்களில் நம் படையினர் கண்ணிவெடி புதைத்ததும், பின்னர் அவற்றை அகற்ற நேர்ந்ததும் அண்மைய வரலாறு. 2025ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் சில உடன்படிக்கையிலிருந்து விலகப் போவதாக அறிவித்தமை, இச்சிக்கல் பழங்கதை ஆகிவிடவில்லை என்பதற்குச் சான்று.

இலங்கை 2017 டிசம்பர் 13 அன்று இவ்வுடன்படிக்கையை ஏற்றது. அதன்படி தன் நிலத்தை முழுதும் துப்புரவாக்க அந்நாட்டிற்கு விதிக்கப்பட்ட காலக்கெடு 2028 ஜூன் 1 ஆகும். அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் அரசுப்படையினர், விடுதலைப் புலிகள் ஆகிய இரு திறத்தாரும் வெடிகளைப் புதைத்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலாகிய முகமாலை, பல்லாண்டுகள் போர்முனையாக இருந்தமையால், அந்நாட்டின் மிகப்பெரிய வெடிவயல்களுள் ஒன்றாயிற்று. வெடிவயல் என்னும் சொல்லைக் கேட்கும்போதே நெஞ்சு நடுங்குகின்றது. நெல் விளையும் இடத்திற்கன்றோ நாம் வயல் என்று பெயரிட்டோம்!

உலோகங்காட்டியின் எல்லை

புதைந்த வெடியைத் தேடுவோர் கையில் நெடுங்காலமாக இருந்து வரும் கருவி உலோகங்காட்டி. மண்ணுள் இரும்போ செம்போ இருப்பின் அது ஒலி எழுப்பும். ஆனால் வெடி செய்வோர் இதனை அறிந்து உலோகத்தைக் குறைக்கத் தொடங்கினர். இலங்கையில் மிகுதியாகக் கண்டெடுக்கப்பட்ட 'பி4' என்னும் பாகிஸ்தான் நாட்டு வெடி கைக்குள் அடங்கும் சிறு பிளாஸ்டிக் சிமிழ் போன்றது. அதில் உள்ள உலோகம் மிகச் சிறிதளவே. அதனைப் பார்த்துப் புலிகள் செய்த 'ரங்கன் 99' என்பதும் அத்தகையதே. அவர்கள் செய்த 'ஜொனி' என்னும் வெடிவகையுள் ஒன்று மரப்பெட்டியில் அமைந்தது.

இக்குறை உலோகத்தையும் உணரும்படி கருவியைக் கூர்மையாக்கினால் வேறோர் இடர் நேர்கின்றது. போர் நடந்த மண்ணில் தோட்டா உறைகளும் குண்டுச் சிதறல்களும் ஆணிகளும் தகரத் துண்டுகளும் நிறைந்து கிடக்கும். கருவி அனைத்திற்கும் ஒலி எழுப்பும். ஒவ்வோர் ஒலியையும் வெடி என்றே கொண்டு, மண்டியிட்டு, மண்ணைப் பக்கவாட்டில் மெல்ல அகழ்ந்து பார்க்க வேண்டும். நூறு முறை ஆணி வந்தாலும் நூற்றோராம் முறை கவனம் தளரலாகாது. இலங்கையில் இதனாலேயே உலோகங்காட்டியை மட்டும் நம்பாது, நீண்ட பற்கள் கொண்ட மண்வாரியால் மேல்மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி இழுத்து வெடியை வெளிக்கொணரும் முறையும் வழக்கிற்கு வந்தது. வெயிலில், கனத்த காப்புடையும் முகமூடியும் அணிந்து இப்பணி செய்வோருள் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குவோரும் அவர்களுள் உளர்.

உலோகத்தைத் தேடாமல், வெடிமருந்தையும் உறையையும் உள்ளடக்கிய அந்தப் பொருள் மண்ணினின்று வேறுபட்டது என்பதையே அடையாளமாகக் கொண்டு தேட இயலாதா என்னும் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் வெப்பப்பட முறை.

கண் காணா ஒளி

பொருளிலிருந்து புறப்பட்ட ஒளி கண்ணை வந்தடைவதாலேயே காட்சி உண்டாகின்றது என்று சான்றுகளுடன் நிறுவிய பேரறிஞர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆவார். பதினோராம் நூற்றாண்டில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூல் இலத்தீன் வழியாக ஐரோப்பாவை அடைந்து ஒளியியலுக்கு அடித்தளம் இட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஒளியும் உண்டு என்பதை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலார் கண்டறிந்தார். கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பிற்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில், வெப்பமானி மிகுதியாக ஏறியது. அக்கதிரையே இன்று அகச்சிவப்புக் கதிர் என்கின்றோம்.

நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையாகும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுடைய கதிரவன் இவ்வெல்லைக்குள் மிகுதியாக ஒளிவிடுகின்றது. நம் மண்ணும் மரமும் மதிலும் நம் உடலும் கூட ஓயாது கதிர் வீசுகின்றன. ஆனால் அவற்றின் வெப்பநிலை குறைவு. எனவே அவை வீசும் கதிரின் அலைநீளம் பெரிது. 27 டிகிரி வெப்பமுள்ள பொருள் 10 மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர் வீசும். நற்பேறாக 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள கதிரைக் காற்றுமண்டலம் பெரிதும் தடுப்பதில்லை. இச்சாளரத்தின் வழியாகவே வெப்பப்படக் கருவி உலகைக் காண்கின்றது.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுக் காலத்தில் கடைவாயில்களில் நம் நெற்றிக்கு நேரே காட்டிய சிறு கருவியை எவரும் மறந்திருக்க மாட்டோம். நெற்றியைத் தொடாமலேயே அது வெப்பநிலையைச் சொன்னது நெற்றி வீசும் அகச்சிவப்புக் கதிரை அளந்தே ஆகும். அக்கருவி ஒரே ஒரு புள்ளியை அளந்தது. வெப்பப்படக் கருவியோ பல்லாயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் அளந்து, வெப்பம் மிகுந்த இடத்தை வெண்மையாகவும் குறைந்த இடத்தைக் கருமையாகவும் படமாக்கித் தருகின்றது. இன்றைய நல்ல கருவிகள் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வேறுபாட்டையும் உணரவல்லன.

மண்ணின் நாள்வட்டம்

இக்கருவி மண்ணை ஊடுருவிப் பார்ப்பதில்லை என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். மண்ணின் மேற்பரப்பு வீசும் கதிரை மட்டுமே அது காணும். அவ்வாறாயின் உள்ளே புதைந்தது எங்ஙனம் தெரியும்?

பகலில் வெயில் மேல்மண்ணைச் சூடாக்குகின்றது. அவ்வெப்பம் மெல்ல மெல்லக் கீழிறங்குகின்றது. இரவில் மேல்மண் வானத்தை நோக்கிக் கதிர் வீசிக் குளிர்கின்றது. அப்போது கீழிருந்து வெப்பம் மேலேறி வருகின்றது. இவ்வாறு நாள்தோறும் ஒரு வெப்ப அலை மண்ணுள் இறங்கி ஏறுகின்றது. பொதுவான மண்ணில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழத்தில் இவ்வலையின் வீச்சு மேற்பரப்பில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்துவிடும். ஒரு முழம் ஆழத்தில் பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்றே. நம் முன்னோர் தானியத்தை நிலத்தடிக் குதிரில் சேமித்தமைக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

மிதிவெடி புதைக்கப்படுவது மேலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான். ஆழப் புதைத்தால் காலின் அழுத்தம் அதனை எட்டாது. ஆகவே நாள்தோறும் இறங்கி ஏறும் வெப்ப அலையின் வழியிலேயே அது கிடக்கின்றது. மனிதர் காலுக்கு எட்ட வேண்டும் என்று மேலே வைத்த அச்சூழ்ச்சியே வெடியைக் காட்டிக்கொடுக்கவும் காரணமாகின்றது.

வெடி தன்னைக் காட்டிக்கொள்ளும் வகை

ஈரமணல் வெப்பத்தை நன்கு கடத்தும். பிளாஸ்டிக்கும் வெடிமருந்தும் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்களவே கடத்தும். எனவே ஈரப்பசை உள்ள மண்ணில் புதைந்த வெடி, வெப்பத்தின் வழியில் இட்ட தடுப்பு போல அமைகின்றது. பகலில் மேலிருந்து இறங்கும் வெப்பம் அதனைக் கடந்து செல்ல இயலாது மேலேயே தேங்கும். ஆதலின் வெடிக்கு நேர்மேலே உள்ள மண், சுற்றியுள்ள மண்ணைவிடச் சற்று மிகுதியாகச் சூடேறும். இரவிலோ கீழிருந்து ஏறிவரும் வெப்பம் தடைபடும்; ஆதலின் அதே இடம் பிற இடங்களைவிடச் சற்று மிகுதியாகக் குளிரும். பகற்படத்தில் வெண்புள்ளியாகத் தெரிவது பின்னிரவுப் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும்.

அடுப்பின்மேல் பாலை வைத்து, பாத்திரத்திற்கும் தீக்கும் இடையே ஓட்டுத்துண்டு ஒன்றைச் செருகினால் என்ன நேரும்? ஓட்டிற்குக் கீழே சூடு தேங்கும். மேலே பால் காயத் தாமதமாகும். அவ்வளவே. வெடி செய்வது அவ்வோட்டுத்துண்டின் வேலையை.

இரண்டாவது அடையாளம் தோண்டிய மண். வெடியைப் புதைக்கத் தோண்டியபோது மண்ணின் அடுக்கு கலைகின்றது; இறுக்கம் தளர்கின்றது; அடிமண்ணின் துகள் மேலே வருகின்றது. தளர்ந்த மண்ணும் இறுகிய மண்ணும் வெப்பத்தை ஒன்றுபோல் ஏற்பதில்லை. புதிதாகப் புதைத்த இடத்தை இவ்வேறுபாடே தெளிவாகக் காட்டும். ஆனால் மழையும் காற்றும் காலமும் இத்தழும்பை ஆற்றிவிடும். பல்லாண்டுகளுக்கு முன் புதைத்த வெடிகளைத் தேடும் இலங்கையில் இவ்வடையாளம் பெரிதும் பயன்படாது.

நிலமும் பொழுதும்

தமிழ் பயில்வோர்க்கு இனி வருவது எளிதில் விளங்கும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டது நம் அகப்பொருள் இலக்கணம். ஒழுக்கம் எதுவாயினும் அது எந்நிலத்தில், எப்பெரும்பொழுதில், எச்சிறுபொழுதில் நிகழ்கின்றது என்று அறிந்தே பொருள் கொள்ள வேண்டும் என்றனர் இலக்கண நூலார். வெப்பப்படத்திற்கும் இவ்விரண்டே முதற்பொருள். நிலமும் பொழுதும் அறியாதார் கையில் அப்படம் வெறும் புள்ளிக்கோலமே.

சிறுபொழுதை முதலில் நோக்குவோம். பகலில் வெடியின் மேல்மண் சூடு மிகுந்தது. இரவில் சூடு குறைந்தது. அங்ஙனமாயின் இடையே இருமுறை இரண்டும் ஒத்த வெப்பநிலையை அடைந்தே தீர வேண்டும். காலையில் வெயில் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலும், மாலையில் கதிர் சாயும் வேளையை ஒட்டியும் இக்கடப்பு நிகழும். அப்போது எடுக்கும் படத்தில் எத்துணைக் கூர்மையான கருவியாயினும் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் முன்பின்னாக எடுத்த இரு படங்களுள் ஒன்றில் வெடி தெரியும், மற்றொன்றில் தெரியாது. ஆகவே ஒரே படத்தை நம்பாது, ஒரு நாளின் பல பொழுதுகளில் தொடர்ந்து படம் எடுத்து, எந்த இடம் பகலில் வெளுத்து இரவில் கறுக்கின்றது என்று ஒப்பிட்டு நோக்குவதே தக்க முறையாகும்.

பெரும்பொழுதிற்குக் குற்றாலத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியே புகுந்து சாரலாகப் பொழியும் நாளில் வானம் மூடியிருக்கும்; வெயில் இராது; பாறையும் மணலும் மரமும் நனைந்து ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். அந்நாளில் வெப்பப்படக் கருவிகொண்டு நோக்கினால் நிலம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாகவே தோன்றும். நமக்கு இன்பம் தரும் சாரல் வெடி தேடுவோர்க்குக் கண்ணைக் கட்டும் திரையாகும். அதே பருவக்காற்று யாழ்ப்பாணத்தை அடையும்போது சோளகக் காற்று எனப்படும் வறண்ட காற்றாக வீசுகின்றது. மழையில்லை, வெயில் உண்டு என்பது நன்மை. ஆயினும் காற்று மேல்மண்ணின் சூட்டை வாரிக்கொண்டு போவதால் வேறுபாடு குன்றுகின்றது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதோ அங்கும் இம்முறை செல்லாது.

இனி நிலம். மேலே சொன்னது ஈரப்பசையுள்ள மண்ணின் இயல்பு. மிக உலர்ந்த மணலோ வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வெடிக்கும் அதற்கும் அத்துணை வேறுபாடு இராது. சில வேளைகளில் புள்ளியின் நிறமே மாறித் தோன்றவும் கூடும். இரும்பு உறையுள்ள பெருவெடியாயின் இயல்பு வேறு. எனவே ஓரிடத்து விதியை மற்றோரிடத்திற்கு அப்படியே கொண்டு செல்லலாகாது. புதருக்குக் கீழே உள்ள மண்ணைக் கருவி காணாது. இலையின் வெப்பத்தையே காணும். கல், வேர், எறும்புப்புற்று, மாட்டுச் சாணம், நிழல் ஆகிய எல்லாம் வெடி போலவே புள்ளியாகத் தெரியும்.

பாலைவனம் தந்த பாடம்

இம்முறை நன்கு பயன்பட்ட இடம் ஆப்பிரிக்காவின் சாட் நாடு. அந்நாட்டின் வடபகுதிப் பாலைவனத்தில் பழைய போர்களில் புதைத்த வெடிகள் இன்றும் உள்ளன. ஊனமுற்றோர்க்கென உழைக்கும் ஹியுமானிட்டி அண்ட் இன்க்ளூஷன் என்னும் அமைப்பு (2018க்கு முன் ஹேண்டிகேப் இண்டர்நேஷனல் என வழங்கியது) 2019, 2020ஆம் ஆண்டுகளில் அங்கு ஆளில்லாச் சிறு வானூர்திகளில் வெப்பப்படக் கருவியைப் பொருத்திப் பறக்கவிட்டு, மணலுள் புதைந்த வெடிகளின் வெப்பத் தடத்தைப் படம் பிடித்தது. செடி இல்லை, மேகம் இல்லை, பகலிரவு வெப்ப வேறுபாடு மிகுதி. மேலும், படைமுறைப்படி புதைத்த வெடிகள் வரிசையாக இருந்தமையால், தனிப்புள்ளியாகப் பார்த்தபோது ஐயமாக இருந்ததும் வரிசையாகப் பார்த்தபோது தெளிவாயிற்று. வெடி தேடுவோர் காலை வைக்கும் முன்னரே வயலின் எல்லை இன்னதெனக் கண்டுகொண்டனர்.

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர், வானிலிருந்து தூவப்படும் 'வண்ணத்துப்பூச்சி' வெடி எனப்படும் சிறு பிளாஸ்டிக் வெடியை இவ்வாறே வெப்பப்படத்தால் காணலாம் எனக் காட்டினர். அவ்வகை வெடி புதைக்கப்படாமல் மண்மேல் கிடப்பது. ஆப்கானிஸ்தானில் விளையாட்டுப் பொருள் என்று கையிலெடுத்துக் கை இழந்த குழந்தைகள் பலர்.

வன்னி மண்ணில்

பாலைக்குப் பொருந்தியது முல்லைக்கும் நெய்தலுக்கும் பொருந்துமா? வன்னியில் கைவிடப்பட்ட வயலும் தோட்டமும் பல்லாண்டுகளில் புதர்மண்டிக் காடாயின. வெப்பப்படம் எடுக்கப் புதரை வெட்ட வேண்டும். புதரை வெட்ட வெடியில்லை என்று தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்தின் கிழக்குக் கரையோர மணற்பரப்பு போன்ற திறந்த இடங்களிலேயே இம்முறைக்கு இயல்பான வாய்ப்பு உண்டு. இலங்கையில் வெடிகள் பெரும்பாலும் வெளிவந்தது உலோகங்காட்டியாலும் மண்வாரியாலும் மனிதர் கையின் பொறுமையாலுமே. 2002 முதல் ஹாலோ டிரஸ்ட், மேக் ஆகிய பிரித்தானிய அமைப்புகளும், 2010 முதல் டேஷ் என்னும் இலங்கை அமைப்பும், அந்நாட்டு இராணுவப் பிரிவும் இப்பணியில் உழைத்தன. 2009இல் போர் முடிந்த பின் இந்திய அரசின் உதவியால் நம் நாட்டு முன்னாள் படைவீரர் குழுக்களும் அங்குச் சென்று பணியாற்றின.

இவர்கள் துப்புரவாக்கிய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவர் திரும்பி வரக் காத்திருந்தார். 1990 அக்டோபரில் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் இருபதாண்டுகள் அகதிகளாய் வாழ்ந்தனர். போரின் இறுதியில் இடம்பெயர்ந்த வன்னித் தமிழர் முகாம்களில் அடைபட்டிருந்தனர். ஒருவரையொருவர் ஐயுற்றுப் பிரிந்த இவ்விரு திறத்தாரின் ஊர்ப்பாதையிலும் மிதிவெடி கிடந்தது. வீட்டின் உறுதிப்பத்திரம் கையில் இருந்தும், 'அபாயம்' என்னும் செந்நிறப் பலகை நின்ற வரை, அந்நிலம் அவர்க்கு உரியதாகவில்லை.

காட்டாமை இல்லாமை ஆகாது

வெடி தேடும் எந்த முறைக்கும் இருவகைப் பிழை உண்டு. இல்லாததை உண்டென்பது ஒன்று. உள்ளதை இல்லையென்பது மற்றொன்று. முன்னது காலத்தை வீணாக்கும். பின்னது காலைப் பறிக்கும். வெப்பப்படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அங்கு ஏதோ உண்டு என்று கொள்ளலாம். புள்ளி தெரியாவிட்டால் அங்கு ஒன்றும் இல்லை என்று கொள்ளவே கூடாது. மேகம் மறைத்திருக்கலாம், கடப்பு வேளையாக இருந்திருக்கலாம், சற்று ஆழமாகப் புதைந்திருக்கலாம். பன்னாட்டு விதிப்படி, குறிப்பிட்ட ஆழம் வரையுள்ள எல்லா வெடிகளும் அகற்றப்பட்ட பின்னரே நிலத்தை மக்களிடம் ஒப்படைக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு தேர்வில் முதல் வகுப்பு. வெடிவயலில் அது தோல்வி.

ஆதலின் வெப்பப்படம் தனித்து முடிவு கூறும் நடுவர் அன்று, முதற்சாட்சி மட்டுமே. எங்குத் தொடங்குவது, வரிசை எத்திசையில் செல்கின்றது என்று அது சுட்டலாம். அதன் பின் நிலம் ஊடுருவும் ரேடாரும் உலோகங்காட்டியும், வெடிமருந்தின் மணமறியும் நாயும், ஆப்பிரிக்காவில் பழக்கப்படுத்திய பேரெலியும், இறுதியாக மனிதர் கையும் அதனை உறுதி செய்ய வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சோதனை

இவ்வுண்மையைக் கல்லூரி வளாகத்திலேயே ஆய்ந்து காணலாம். அகன்ற தட்டொன்றில் அரை அடி உயரத்திற்கு ஈரமணல் நிரப்புக. சோப்பு டப்பா ஒன்றில் உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவிட்டு, மூடி, இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்து மேற்பரப்பைச் சமன்செய்க. வெயில் நன்கு விழும் திறந்தவெளியில் வைத்து, காலை ஆறு மணி முதல் மணிக்கொருமுறை டப்பாவின் மேலும், அதிலிருந்து ஒரு சாண் தள்ளியும், தொடாமல் அளக்கும் வெப்பமானியால் அளந்து குறித்து வருக. தொற்றுக்காலத்தில் நெற்றிக்குக் காட்டிய கருவி உடல்வெப்ப எல்லைக்குள் மட்டும் அளப்பது. ஆகவே தொழிற்கூடங்களில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானியை இயற்பியல் துறையிடம் பெறுக. இரு கோடுகளாக வரைந்தால் அவை இருமுறை ஒன்றையொன்று வெட்டுவதைக் காணலாம். பின்னர்ச் சாரல் நாளொன்றில் இதனையே மீண்டும் செய்க. கோடுகள் ஒட்டிக்கொண்டே செல்லும். பொழுதறியாது பார்த்த கண் ஏன் பொய் சொல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டா.

நிறைவுரை

ஐந்து நிமிடத்தில் புதைத்த ஒன்றைக் கண்டறிய ஒளியியலும் மண்ணியலும் கணிதமும் வானூர்தியும் ஒருங்கே துணை நிற்க வேண்டியிருக்கின்றது. அவ்வளவும் நின்ற பின்னும் ஒருவர் மண்டியிட்டுத் தம் கையால் மண்ணை விலக்க வேண்டியிருக்கின்றது. தீங்கு செய்வது எளிது, அதனைத் திருத்துவது அரிது என்று நாம் பேச்சளவில் சொல்வதை இவ்வரலாறு அளவெடுத்துக் காட்டுகின்றது.

பேரருவிப் பாறையில் மாலையில் அமரும் நாம் அச்சமின்றிக் காலூன்றுகின்றோம். காலடியில் உள்ள மண்ணை நம்பும் அப்பேறு எத்துணைப் பெரிது என்பதை நாம் எண்ணுவதே இல்லை. அப்பேற்றை இழந்தோர்க்கு அதனை மீட்டுத்தரும் பணியில் எம் மாணவருள் ஒருவரேனும் நாளை அறிவியலறிஞராகவோ பொறியாளராகவோ மருத்துவராகவோ பங்கு கொள்வாராயின், இம்மலரில் இக்கட்டுரை இடம்பெற்றது பயனுடைத்து என்போம்.